பட்டாம்பூச்சியின் இறக்கை ஏன் கிண்ணமாகிறது? குரோஷா தெரிந்தவர்கள் கொஞ்சம் பாருங்களேன்

சிறகுக்காரி:
எல்லோருக்கும் வணக்கம். கொக்கி ஊசியால் நூல் பின்னுகிற இந்தக் குரோஷாவைக் கையில் எடுத்து ஐந்து மாதம் ஆகிறது. முதலில் டம்ளருக்கு அடியில் வைக்க ஒரு விரிப்பு போட்டேன். வட்டமாக ஆரம்பித்த அது முடியும்போது ஐந்து மூலையோடு நின்றது. சரி, போகட்டும். அப்புறம் தோழி ஒருத்தி அவள் வீட்டுப் பழைய பேட்டர்ன் தாள் ஒன்றைக் கொடுத்தாள். அதில்தான் இந்தப் பட்டாம்பூச்சி இருந்தது.

வேலை சின்னதுதான். 6 சங்கிலித் தையல் போட்டு வளையமாக இணைக்க வேண்டும். வளையத்துக்குள் 8 ட்ரெபிள் (உயரமான ஒரு வகைத் தையல்), ஒவ்வொன்றுக்கும் நடுவில் 2 சங்கிலி. அடுத்த சுற்றில் ஒவ்வொரு இடைவெளியிலும் 5 ட்ரெபிள், இதழுக்கும் இதழுக்கும் நடுவே ஒரு ஸ்லிப் ஸ்டிச், அதாவது உயரமில்லாத இணைப்புத் தையல். முடித்தால் எட்டு இதழ் பூ மாதிரி வரும். அதை இரண்டாக மடித்து நடுவில் வேறு நிற நூலால் இறுக்கிச் சுற்றினால் பக்கத்துக்கு நான்கு இதழ் பிரிந்து இறக்கையாகிவிடும். சுற்றிய நூலின் இரண்டு முனைகளும் உணர்கொம்பு.

இதுவரை 23 பின்னியாகிவிட்டது. ஜன்னல் திரையில் வரிசையாகக் கோத்து விடலாம் என்று ஆசை. ஆனால் ஒன்றுகூடத் தட்டையாக நிற்கவில்லை. இறக்கை எல்லாம் முன்பக்கமாகக் குவிந்து கரண்டி மாதிரி ஆகிறது. இஸ்திரி போட்டால் அன்றைக்கு நன்றாக இருக்கிறது, மறுநாள் காலையில் மறுபடி கரண்டி. ஊசி 3.5 மி.மீ., நூல் பருத்தி. எங்கே தப்பு செய்கிறேன்?

நூல்கண்டு:
பட்டாம்பூச்சி என்றாலே இந்தத் தொல்லை உண்டு. கஞ்சி போடுங்கள். கெட்டியாகக் கரைத்து, முக்கி, பிழியாமல் துண்டில் ஒற்றி எடுத்துவிட்டு, ஒரு தெர்மோகோல் பலகையில் குண்டூசி குத்திக் காய விட்டால் அட்டை மாதிரி நிற்கும். குண்டூசி துருப்பிடிக்காத ரகமாக இருக்கட்டும். நான் ஒருமுறை கையில் கிடைத்த ஊசியைக் குத்தி வைத்தேன், வெள்ளை இறக்கை முழுக்கப் பழுப்புப் புள்ளி. அது போகவே இல்லை.

சர்க்கரைத் தண்ணீரில் முக்குவதும் ஒரு பழைய வழி. நன்றாகவே விறைக்கும். எறும்புக்கும் நன்றாகவே பிடிக்கும்.

அடுப்படி:
கை இறுக்கமாக இருக்குமோ? ஊசியை 4 மி.மீ. ஆக்கிப் பாருங்களேன். இறுக்கிப் பின்னுகிறவர்களுக்கு எல்லாமே சுருண்டுதான் வரும்.

சிறகுக்காரி:
@அடுப்படி, உங்கள் பேச்சைக் கேட்டு நேற்று ராத்திரியே 4 மி.மீ. ஊசியில் சோதனைக்கு ஒன்று போட்டேன், அது கணக்கில் இல்லை. முன்பு சின்னக் கரண்டி. இப்போது பெரிய கரண்டி.

@நூல்கண்டு, கஞ்சி போட்டால் நிற்கும்தான். ஆனால் பேட்டர்ன் தாளின் படத்தில் இருப்பது கஞ்சி போடாமலே தட்டையாக இருக்கிறதே என்று மனசு கேட்கவில்லை.

தூசிதட்டி:
தப்பாக நினைக்க வேண்டாம். 23 பட்டாம்பூச்சியை வைத்து என்ன செய்வீர்கள்? என் வீட்டிலும் ஒரு காலத்தில் பூ, மீன், நட்சத்திரம் என்று தொங்கின. இரண்டே மாதத்தில் எல்லாம் தூசியில் ஒரே நிறமாகிவிட்டன. இப்போதெல்லாம் கைக்கு உதவுகிற பொருளாக மட்டும்தான் பின்னுகிறேன். பிடிதுணி, பாத்திரம் துடைக்கும் துணி, சாவி போட்டு வைக்க ஒரு கூடை. அதே நூல், அதே நேரம்தானே.

இடதுகைக்காரி:
தூசி படிந்தால் துவைக்கலாமே! பருத்தி நூல்தானே, வலைப்பையில் போட்டு வாஷிங் மெஷினில் விட்டால் ஆயிற்று. அழகுக்கு என்று ஒன்றைச் செய்யவே கூடாதா என்ன?

பழைய_கொக்கி:
சிறகுக்காரி, கஞ்சியை இப்போதைக்கு ஓரமாக வையம்மா. கஞ்சி தப்பை மறைக்கும், சரி செய்யாது. ஊசி அளவும் காரணமில்லை. ஊசி பெரிதானால் எல்லாத் தையலும் சேர்ந்தே பெரிதாகும், அதனால் வடிவம் மாறாது. உனக்குப் பெரிய கரண்டி வந்தது அதனால்தான்.

வட்டம் குவிகிறது என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான். சுற்றுக்குத் தேவையான தையல் போதவில்லை. அலை அலையாக நெளிந்தால் தையல் அதிகம். தட்டையாகக் கிடந்தால் கணக்கு சரி. நாற்பது வருடமாகப் பின்னுகிறேன். கை எப்போதாவது தப்பு செய்திருக்கும், ஆனால் பெரும்பாலும் எண்ணிக்கைதான் தப்பாக இருந்திருக்கிறது.

எனக்கு மூன்று விஷயம் சொல். ஒன்று, 8, 5 என்று நீ சொன்ன எண்ணிக்கையை அப்படியே போடுகிறாயா? இரண்டு, ட்ரெபிள் என்றால் நீ என்ன செய்கிறாய்? பெயரைச் சொல்லாதே, கையால் செய்வதைச் சொல். மூன்று, எட்டு இதழும் ஒரே மாதிரி வருகிறதா?

சிறகுக்காரி:
அம்மா, எண்ணிக்கை மாறவே இல்லை. ஒவ்வொன்றாகச் சத்தமாக எண்ணித்தான் போடுகிறேன், வீட்டில் கேலிகூடச் செய்கிறார்கள்.

ட்ரெபிள்: ஊசியில் நூலை இருமுறை சுற்றிக்கொண்டு உள்ளே விடுவேன். நூலை இழுத்து வெளியே எடுத்தால் ஊசியில் நான்கு வளையம் இருக்கும். அப்புறம் இரண்டிரண்டாக மூன்று தடவை கழற்றுவேன். வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டது. அதில் சிங்கிள், டபுள், ட்ரெபிள் என்று வரிசையாகச் சொல்லிக் கொடுத்தார்கள்.

மூன்றாவதை நீங்கள் கேட்டதும் திக்கென்றது. ஒரே மாதிரி வருவதில்லை. முதல் இதழ் மட்டும் எப்போதும் குட்டையாக, ஒரு பக்கம் அமுங்கி இருக்கும். மடிக்கும்போது அதை உள்பக்கம் தள்ளி மறைத்துவிடுவேன். ஆரம்பத்துத் தையல் என்பதால் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

பழைய_கொக்கி:
அந்தத் தாளில் முதல் ட்ரெபிளுக்குப் பதிலாக எத்தனை சங்கிலி போடச் சொல்லியிருக்கிறது?

சிறகுக்காரி:
3 சங்கிலி. "3 சங்கிலி, இது முதல் ட்ரெபிளாகக் கணக்கு" என்றே இருக்கிறது.

பழைய_கொக்கி:
கிடைத்துவிட்டது.

அந்தத் தாளில் "சிங்கிள்" என்ற சொல் எங்கேயாவது இருக்கிறதா, மேலிருந்து கீழ்வரை தேடிப் பார்.

சிறகுக்காரி:
இல்லை! ஒரு இடத்தில்கூட இல்லை. உணர்கொம்பு பக்கத்தில் "டபுள்" ஒருமுறை வருகிறது, மற்றதெல்லாம் ட்ரெபிள்தான். என்ன அம்மா இது, துப்பறியும் கதை மாதிரி இருக்கிறதே?

பழைய_கொக்கி:
கதையெல்லாம் இல்லை. உன் தாள் பிரிட்டிஷ் முறையில் எழுதியது. நீ கற்றுக்கொண்டது அமெரிக்க முறை. இரண்டிலும் பெயர் ஒன்று, தையல் வேறு.

அமெரிக்கர்கள் சிங்கிள் என்று சொல்வதைப் பிரிட்டிஷ்காரர்கள் டபுள் என்பார்கள். அமெரிக்க டபுள்தான் பிரிட்டிஷ் ட்ரெபிள். அமெரிக்க ட்ரெபிளுக்கு அங்கே டபுள் ட்ரெபிள் என்று பெயர். எல்லாமே ஒரு படி தள்ளி நிற்கும். பிரிட்டிஷ் முறையில் சிங்கிள் என்ற பெயரே கிடையாது. அதனால் ஒரு பேட்டர்னில் சிங்கிள் என்று இருந்தால் அது அமெரிக்க முறை என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். இல்லாவிட்டால் சந்தேகப்பட வேண்டும்.

உறுதிசெய்ய இன்னொரு வழி, அந்த ஆரம்பச் சங்கிலி. ஒரு சுற்றைத் தொடங்கும்போது முதல் தையலின் உயரத்துக்குச் சங்கிலி ஏற்றுகிறோம் இல்லையா? அமெரிக்கப் பெயரில் சொன்னால் சிங்கிளுக்கு 1, ஹாஃப் டபுளுக்கு 2, டபுளுக்கு 3, ட்ரெபிளுக்கு 4. உன் தாள் ட்ரெபிளுக்கு 3 என்கிறது. அப்படியென்றால் அது கேட்பது உன் டபுளைத்தான். ஒருமுறை நூல் சுற்றினால் போதும், நீ இருமுறை சுற்றியிருக்கிறாய்.

உன் முதல் இதழ் அமுங்கியதும் இதனால்தான். மற்றதெல்லாம் நான்கு சங்கிலி உயரம், அது மட்டும் மூன்று.

சிறகுக்காரி:
23 பட்டாம்பூச்சி!!! 23-ம்!!!

நூல்கண்டு:
நான் கஞ்சி போடச் சொன்னேனே. மன்னிக்கவும். 😄 இந்த வித்தியாசம் எனக்கும் தெரியும், ஆனால் கேட்கத் தோன்றவில்லை.

கணக்குப்புலி:
ரொம்ப நாளாகச் சத்தமில்லாமல் வாசித்துக்கொண்டிருந்தேன், இப்போது வாயைத் திறக்காமல் இருக்க முடியவில்லை. பின்னுவது மனைவி. எண்ணுவது நான்.

பழைய கொக்கி அம்மா சொன்னதற்குக் காரணம் வட்டத்தின் சுற்றளவுதான். தையல் உயரமானால் வட்டத்தின் ஆரம் கூடுகிறது. ஆரம் கூடினால் சுற்றளவும் அதே விகிதத்தில் கூட வேண்டும். சுற்றளவு என்பது தையல் எண்ணிக்கை. சிறகுக்காரி ஆரத்தை மட்டும் கூட்டிவிட்டு எண்ணிக்கையை அப்படியே விட்டார். வெளி விளிம்பு போதாமல் இழுத்துப் பிடிக்கிறது, துணிக்குக் குவிவதைத் தவிர வேறு வழியில்லை.

அமெரிக்கப் பெயரில் ஒரு மனக்கணக்கு சொல்கிறேன். தட்டையான வட்டத்துக்கு சிங்கிள் என்றால் 6-ல் தொடங்கி ஒவ்வொரு சுற்றிலும் 6 கூட்டு. டபுள் என்றால் 12-ல் தொடங்கி 12 கூட்டு. கை இறுக்கத்தைப் பொறுத்து ஒன்றிரண்டு முன்பின் ஆகலாம். ட்ரெபிள் இன்னும் உயரம் என்பதால் 16-க்குக் கீழே போனால் மூக்கைத் தூக்கும்.

வேண்டுமென்றே அதிகமாகக் கூட்டினால் என்ன ஆகும் என்றும் ஒருவர் பார்த்திருக்கிறார். கார்னெல் பல்கலைக்கழகத்தில் கணிதம் கற்பித்த டைனா தைமினா, 1997-ல் ஹைப்பர்போலிக் தளம் என்ற ஒரு வடிவத்தைக் குரோஷாவில் பின்னிக் காட்டினார். அதுவரை காகிதத்தை ஒட்டித்தான் அதைச் செய்துவந்தார்கள், மாணவர் கை பட்டால் கிழிந்துவிடும். குரோஷாவில் ஒவ்வொரு சில தையலுக்கும் ஒன்று கூட்டிக்கொண்டே போனால் போதும், நெளிந்து நெளிந்து அதுவே அந்த வடிவத்துக்கு வந்துவிடும். ஓரம் சுருண்ட கீரை இலை மாதிரி இருக்கும்.

இடதுகைக்காரி:
அப்போது நான் முதலில் பின்னிய தொப்பி ஹைப்பர்போலிக் தளமா! இத்தனை நாள் அதைத் தோல்வி என்று நினைத்து ஒளித்து வைத்திருந்தேனே.

தூசிதட்டி:
சரி, இதெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் தொங்கவிடுவதை விட்டுவிட்டுப் பயன்படும் பொருள் பக்கம் வாருங்கள் என்பதுதான் இன்னமும் என் கட்சி. வட்டம் தட்டையாக வந்துவிட்டால் சூடான பாத்திரம் வைக்கும் விரிப்பை யாரும் போடலாம்.

அடுப்படி:
தூசிதட்டி, நல்லவேளை அந்தப் பேச்சை எடுத்தீர்கள். புதிதாக ஆரம்பிக்கிறவர்கள் இதைக் கட்டாயம் படிக்க வேண்டும்.

சூடான பாத்திரம் பக்கம் போகிற எதையும் அக்ரிலிக் நூலில் பின்னாதீர்கள். நான் பின்னினேன். அழகான சூரியகாந்தி விரிப்பு, மூன்று நாள் வேலை. அடுப்பிலிருந்து இறக்கிய இரும்புச் சட்டியை நேராக அதன் மேல் வைத்தேன். தூக்கும்போது விரிப்பும் கூடவே வந்தது. உருகி அடியில் பசையாக ஒட்டியிருந்தது, பிளாஸ்டிக் தீய்ந்த நாற்றம் வீடெல்லாம். சட்டியைச் சுரண்ட ஒரு வாரம். பிடிதுணியாக இருந்து கையில் ஒட்டியிருந்தால்? அதை நினைத்தால் இன்னமும் உடம்பு சிலிர்க்கிறது.

அக்ரிலிக் ஒரு வகைப் பிளாஸ்டிக். இஸ்திரிப் பெட்டி பட்டாலே தொளதொளத்துப் போய்விடும், பழைய நிலைக்குத் திரும்பாது. கையில் இருப்பது என்ன நூல் என்று தெரியாவிட்டால் ஒரு சாண் வெட்டி, இடுக்கியில் பிடித்து, கழுவு தொட்டிக்கு மேலே வைத்துக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி என்றால் காகிதம் எரிகிற மணம் வரும், சாம்பலைத் தொட்டால் உதிரும். அக்ரிலிக் உருகும், ஆறியபின் முனையில் கறுப்பாகக் கெட்டி முத்து நிற்கும்.

பருத்தியிலும் ஒற்றை அடுக்கு போதாது. தையல் நடுவில் ஓட்டை இருக்கிறது, சூடு அதன் வழியாக நேராக விரலுக்கு வரும். இரண்டு வட்டம் பின்னி முதுகோடு முதுகு சேர்த்து ஓரத்தைச் சிங்கிளில் தைத்துவிடுங்கள். டபுளில் பின்னாதீர்கள், இடைவெளி அதிகம். அப்புறம், பிடிதுணி ஈரமாக இருந்தால் பிடிக்கவே கூடாது. ஈரத்துணி சூட்டை உடனே கைக்குக் கடத்திவிடும்.

நூல்கண்டு:
பாத்திரம் துடைக்கும் துணிக்கு மட்டும் பளபளப்பான பருத்தி நூல் வேண்டாம் என்பேன். அது மெர்சரைஸ்டு நூல். ஜான் மெர்சர் என்பவர் 1850-ல் காப்புரிமை வாங்கிய முறை அது, பருத்தியைக் காஸ்டிக் சோடாவில் நனைப்பார்கள். சாயம் நன்றாகப் பிடிக்கும், நூலும் பலமாகும். இறுக்கி இழுத்துப் பிடித்தபடி நனைத்தால் பளபளப்பு வரும் என்பது பின்னால் கண்டுபிடித்தது. பட்டாம்பூச்சிக்கு அதை அடிக்க ஆளில்லை, தையல் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரியும். துடைக்கிற துணிக்குச் சாதாரணப் பருத்திதான் தண்ணீரை நன்றாகக் குடிக்கிறது.

சிவப்போ கருநீலமோ வெள்ளையோடு சேர்ப்பதாக இருந்தால் பின்னுவதற்கு முன்பே ஒரு துண்டு நூலை ஈரப் பஞ்சில் வைத்து அழுத்திப் பாருங்கள். பஞ்சு நிறம் மாறினால் அந்த நூல் தனியாகத்தான் வாழ வேண்டும். இன்னொன்று, பெரிய வேலைக்கு நூல்கண்டு வாங்கும்போது சீட்டில் சாய எண் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். ஒரே நிறப் பெயர்தானே என்று நம்பி வாங்கிய மெத்தை உறையில் எனக்குப் பாதியில் ஒரு கோடு விழுந்துவிட்டது. விளக்கொளியில் தெரியாது. பகலில் வருகிறவர்கள் எல்லோரும் கேட்பார்கள்.

இடதுகைக்காரி:
ஒரு குறுக்குக் கேள்வி. நான் இடது கையால் பின்னுகிறேன். வீடியோவைக் கண்ணாடி பிம்பமாகத் திருப்பிப் பார்த்தால் போதுமா, எழுதின பேட்டர்னையும் மாற்ற வேண்டுமா?

பழைய_கொக்கி:
மாற்ற வேண்டாம். எண்ணிக்கை அதேதான், சுற்று மட்டும் எதிர்ப்பக்கமாகப் போகும். எழுத்து பின்னும்போதுதான் கவனம் வேண்டும், கண்ணாடியில் தெரிவது மாதிரி இடவலம் மாறி வந்துவிடும். பட்டாம்பூச்சிக்கு இடமும் வலமும் ஒன்றுதானே.

சிறகுக்காரி:
24-வது தயார்.

நூலை ஒருமுறை மட்டும் சுற்றிப் போட்டேன். முதல் சுற்று முடிந்ததுமே மேஜையில் வைத்துப் பார்த்தேன், விரலால் அழுத்தாமலே தட்டையாகக் கிடந்தது. முதல் இதழும் மற்ற ஏழோடு சரிசமமாக நிற்கிறது, எங்கே தொடங்கினேன் என்று எனக்கே தேட வேண்டியிருந்தது. அளவு சிறிதாகிவிட்டது, ஆனால் இப்போதுதான் பட்டாம்பூச்சி மாதிரி இருக்கிறது. கஞ்சி இல்லை, இஸ்திரி இல்லை. அம்மா, உங்கள் கையைக் கொடுங்கள், கண்ணில் ஒற்றிக்கொள்கிறேன்.

ஒரு சின்னப் பிரச்சினை மட்டும் பாக்கி. உணர்கொம்பு இரண்டு நாளில் பிரிந்து நார் நாராகிவிடுகிறது.

பழைய_கொக்கி:
நுனியில் ஒரு முடிச்சு போட்டு, முடிச்சுக்கு அப்பால் ஒட்ட வெட்டு. நிஜப் பட்டாம்பூச்சிக்கும் உணர்கொம்பின் நுனி உருண்டையாகத்தான் இருக்கும். இறகு மாதிரி விரிந்திருந்தால் அது அந்துப்பூச்சி. நீ இதுவரை அந்துப்பூச்சிதான் பின்னியிருக்கிறாய்.

இறக்கையைப் பின்னி முடித்த நூலின் முனையை முதுகுப்பக்கம் ஊசியில் கோத்து, ஒரு திசையில் கொஞ்சம், திரும்பி எதிர்த் திசையில் கொஞ்சம், மறுபடி ஒருமுறை என்று உள்ளே விட்டுவிட்டு வெட்டு. ஒரே திசையில் விட்டால் துவைக்கும்போது மெதுவாக வெளியே வந்துவிடும். குழந்தை கைக்கு எட்டுகிற இடம் என்றால் மணியும் கம்பியும் வைக்காதே, நூல் முடிச்சே போதும்.

கணக்குப்புலி:
அந்தப் பழைய 23-ஐ என்ன செய்யப் போகிறீர்கள்? பிரித்தால் நூல் மீளும். 23-லும் 8 இதழ், இதழுக்கு 5 தையல். இரண்டாம் சுற்று மட்டுமே 920 தையல்.

சிறகுக்காரி:
பிரிக்க உட்கார்ந்தேன். நாலு பிரித்தும்விட்டேன். நூல் எல்லாம் நெளி நெளியாக வந்தது. நனைத்து, கனம் கட்டித் தொங்கவிட்டால் நேராகும் என்று படித்ததால் அதையும் செய்தாயிற்று.

அப்புறம் ஐந்தாவதைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா திரையைக் கட்டுகிற பட்டை மேல் வைத்துப் பார்த்தேன். பட்டை உருண்டையாக இருக்கிறதா, குவிந்த இறக்கை அதைக் கச்சிதமாகக் கட்டிப் பிடித்துக்கொண்டது. தட்டையான 24-வதை அதே இடத்தில் வைத்தால் விறைப்பாக எட்டி நிற்கிறது! அதனால் மீதி 19-ம் திரைப் பட்டைக்கும், விளக்குத் தண்டுக்கும், கூடைக் கைப்பிடிக்கும் போகின்றன. @தூசிதட்டி, பட்டை திரையைக் கட்டிப் பிடிக்கிற பொருள், ஆகவே இதுவும் பயன்படும் பொருள்தான்.

தூசிதட்டி:
பட்டைதான் பயன்படுகிறது, பூச்சி இல்லை. இருந்தாலும் ஒப்புக்கொள்கிறேன். அந்தப் பேட்டர்ன் தாளை ஒரு படம் எடுத்துப் போடுங்கள். சும்மா பார்க்கத்தான்.

சிறகுக்காரி:
😄 சாயங்காலம் போடுகிறேன். "ட்ரெபிள்" என்று இருக்கும் இடத்திலெல்லாம் பென்சிலில் "ஒருமுறை சுற்று" என்று எழுதி வைத்திருக்கிறேன், கையெழுத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

25-வது பாதியில் நிற்கிறது. பழக்கம் விடமாட்டேன் என்கிறது அம்மா. எண்ணிக்கொண்டே போட்டும், நடுவில் நூல் தானாக இரண்டாவது தடவை சுற்றிக்கொள்கிறது.